21.4 வந்தது, 19.6 எழுதினாள்: ஆய்வகத்தில் பாடம் நடத்த ஆசிரியர்களை எப்படிப் பழக்குவது?

கேள்வி கேட்டவர்: சைதை_வேதியியல்

வணக்கம். சென்னையில் ஒரு பி.எட். கல்லூரியில் வேதியியல் கற்பித்தல் பாடம் எடுக்கிறேன். ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த முறை என் பிரிவில் பதினான்கு பேர். பாதிப் பேர் எம்.எஸ்சி. முடித்தவர்கள். அணைவுச் சேர்மங்களைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுவார்கள்.

சென்ற வாரம் கற்பித்தல் பயிற்சியைப் பார்வையிட ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு, செய்முறை நேரம். ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் என்ற இரும்பு உப்பைப் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும் சோதனை: குடுவையில் அளந்து எடுத்த இரும்புக் கரைசலில், பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிலைக்கும் இடத்தில், அதாவது முடிவு நிலையில், எத்தனை மில்லி செலவானது என்று பார்ப்பது. பக்கத்து மேசைகளில் ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்ததால் மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். ஆளுக்கு ஆள் வியர்த்துக் கொட்டியது. எங்கள் பயிற்சி ஆசிரியர், இருபத்து மூன்று வயதுப் பையன், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். பெர்மாங்கனேட்டுக்கு மட்டும் மேல்மட்ட வளைவைப் பார்க்க வேண்டும், நிறம் அடர்த்தியாக இருப்பதால் கீழ் வளைவு தெரியாது என்பதைக்கூடச் சொன்னார்.

எல்லாருக்கும் 19.6 மி.லி. சுற்றி வந்தது. ஜன்னலோரம் ஒரு மாணவிக்கு மட்டும் 21.4. மறுபடி செய்தாள், 21.2. பையன் குனிந்து பியூரெட்டைப் பார்த்தார், ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். "முடிவு நிலையைத் தாண்டிவிட்டாய். பரவாயில்லை, 19.6 என்று எழுதிக்கொள்" என்றார்.

அந்தப் பெண் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டாள்: "அப்படியென்றால் நான் எதற்கு சார் ஊற்றினேன்?"

துடுக்கு இல்லை. உண்மையாகவே கேட்டாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவள் 21.4-ஐ அடித்துவிட்டு 19.6 எழுதினாள்.

என் கையில் மதிப்பீட்டுத் தாள். பாட அறிமுகம், கரும்பலகைப் பயன்பாடு, குரல், வினாக் கேட்டல், மாணவர் பங்கேற்பு என்று கட்டங்கள். நடந்ததை எழுத அதில் ஒரு கட்டமும் இல்லை. நல்ல மதிப்பெண்தான் போட்டேன். கிண்டியில் பஸ் ஏறியபிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. அந்த வயதில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். வேறு என்ன சொல்வது என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நானும் இவர்களுக்குக் கற்றுத் தரவில்லை.

கல்லூரியில் நாங்கள் செய்வது இவ்வளவுதான்: நான் ஒரு சோதனையைச் செய்து காட்டுவேன், அவர்கள் பார்ப்பார்கள். பிறகு அவர்களே செய்வார்கள். எல்லாருக்கும் சரியான விடை வரும், ஏனென்றால் விடை அவர்களுக்கு முன்பே தெரியும். நுண்நிலைக் கற்பித்தலில் விளக்குதல், வினாக் கேட்டல், வலுவூட்டல் என்று ஆறேழு நிமிடத்துக்கு ஒரு திறன் பழகுகிறார்கள். பியூரெட்டும் கையுமாக நிற்கிற பிள்ளையின் பக்கத்தில் எப்படி நிற்பது என்பது எந்தத் திறனிலும் வருவதில்லை.

எனக்குப் பத்து சனிக்கிழமை மதியங்கள் கிடைத்திருக்கின்றன. கல்லூரி ஆய்வகம் காலியாக இருக்கும். அந்தப் பத்தில் என்ன செய்யலாம்? முடிந்தால் இன்னொன்றும் சொல்லுங்கள்: அந்தப் பெண்ணுக்கு ஏன் 21.4 வந்தது?

---

பெரம்பூர்_ஓய்வு

அம்மா, முப்பத்தொரு ஆண்டு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றதும் அதற்குள்தான் இருக்கிறது.

முடிவு நிலையைத் தாண்டியவளுக்கு ஒரு முறை ஒன்றரை மில்லி தாண்டும், மறுமுறை அரை மில்லி தாண்டும். இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவு தாண்டுவதற்கு அவள் என்ன எந்திரமா? ஒரே பக்கமாக, ஒரே அளவாகப் பிழை வந்தால் கை தவறவில்லை என்று அர்த்தம். அவள் ஏதோ ஒன்றைச் சரியென்று நம்பி ஒவ்வொரு முறையும் செய்கிறாள். பியூரெட் நுனியில் காற்றுக்குமிழ் என்றால் முதல் தடவையோடு போயிருக்கும். பியூரெட்டைத் தண்ணீரால் மட்டும் கழுவி, பெர்மாங்கனேட்டால் அலசாமல் விட்டாலும் அளவு கூடும். ஆனால் ஒட்டியிருக்கிற நாலு சொட்டுத் தண்ணீர் இவ்வளவு தூக்காது, இரண்டாம் தடவை நிரப்பும்போது குறையவும் செய்யும். என் சந்தேகம் கூம்புக் குடுவை மேல். அதை இரும்புக் கரைசலாலேயே அலசியிருப்பாள். அலசிக் கொட்டியபிறகும் உள்ளே ஒன்றரை, இரண்டு மில்லி தங்கும். பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயில் 20 மில்லி எடுத்ததாக அவள் நினைப்பாள், குடுவையில் இருப்பது கிட்டத்தட்ட 22. கணக்குப் போட்டுப் பாருங்கள், 21.4-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கேட்டுப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். நான் ஒருமுறை கட்டிச் சூடுபட்டவன்.

1994 என்று நினைவு. கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்கும் உப்புப் பகுப்பாய்வு. நாற்பது பேருக்கு நாலைந்து வகை உப்பை மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தேன். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் 'குளோரைடு' என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். நான் கொடுத்ததில் குளோரைடு எட்டுப் பேருக்குத்தான். பார்த்து எழுதுகிறார்கள் என்று வகுப்பையே எழுப்பி நிற்கவைத்துக் கத்தினேன். எங்கள் ஆய்வக உதவியாளர் ஒன்றும் பேசவில்லை. ஒரு சோதனைக் குழாயில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தார், இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட். உப்பே போடவில்லை. வெள்ளை வெளேரென்று திரண்டது, தயிர் மாதிரி. குளோரைடுக்கு அடையாளம் அதுதான். காய்ச்சி வடித்த தண்ணீரான வாலைவடிநீர் முந்தைய நாளே தீர்ந்துபோயிருந்தது. பிள்ளைகள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பைக் கரைத்திருக்கிறார்கள். குடிக்க உகந்த தண்ணீரிலேயே லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை குளோரைடு இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் பள்ளித் தண்ணீர் அதையெல்லாம் எப்போதோ தாண்டியது. வாயில் வைத்தாலே தெரியும். பிள்ளைகள் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள். கத்தியவன் நான். அந்த உதவியாளர் என்னைத் தனியாகக்கூட எதுவும் கேட்கவில்லை. குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

இனி உங்கள் பத்து மதியங்கள். முதல் இரண்டில் யாரும் பாடமே நடத்த வேண்டாம். ஆய்வகத்தைத் தயார் செய்யட்டும். பதினான்கு பேரும் கரைசல் போடட்டும். இரும்பு உப்பை வெறும் தண்ணீரில் கரைத்துவிட்டு, சிறிது நேரத்தில் மஞ்சளடித்துக் கலங்குவதைப் பார்த்துத் திருதிருவென்று விழிக்கட்டும். அமிலத்தை முதலில் சேர்க்க வேண்டும் என்பது அதன்பிறகு மறக்காது. பினாப்தலீன் என்ற நிறங்காட்டி தண்ணீரில் கரையாமல் மிதப்பதையும் பார்க்கட்டும். தயார் செய்த கரைசலை மட்டும் கையில் வாங்கியவனுக்கு எது எங்கே கெடும் என்று தெரியாது.

அதற்குப் பிறகு சோதனைகளைக் கெடுத்து வையுங்கள். மேசைக்கு ஒரு கோளாறு. ஒருவர் மாணவராக நடிக்க வேண்டும், அவருக்கு மட்டும் கோளாறு தெரியும். இன்னொருவர் ஆசிரியர். ஆசிரியர் பியூரெட்டைத் தொடக் கூடாது. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: எதை வேண்டுமானாலும் கெடுங்கள், குப்பியின் லேபிளை மாற்றி ஒட்டாதீர்கள். பயிற்சிக்காகக்கூட வேண்டாம்.

மத்தியப் பிரதேசத்தில் 1972 முதல் 2002 வரை நடந்த ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் ஆசிரியர்களை இப்படித்தான் பழக்கினார்கள். ஆசிரியர் பிள்ளைகளின் இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சோதனையையும் தானே செய்து, தவறி, வாதாடிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார். நம் ஊரில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருமுறை போனவர் திரும்பி வருவதே இல்லை.

---

நான்காம்_பெஞ்ச்

பெரம்பூர் ஐயா சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எல்லாரும் அந்தப் பையனின் வேதியியலைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் நின்ற இடத்தைப் பாருங்கள்.

நான் பி.எட். முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வேளச்சேரிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை. பள்ளியில் பயிற்சிக்கு இருந்த பதினாறு வாரங்களில் ஆய்வகத்துக்குள் நான் போனது இரண்டே முறை. சாவி பொறுப்பாசிரியரிடம் இருக்கும். அவர் விடுப்பில் இருப்பார், அல்லது தேர்வு இருக்கும், அல்லது மழை விடுமுறை. ஆய்வக வகுப்புக்குப் பாடத்திட்டம் எழுதச் சொன்னபோது கரும்பலகை வகுப்புக்கு எழுதியதையே எடுத்து, 'கற்பித்தல் துணைக்கருவிகள்' என்ற கட்டத்தில் பியூரெட், பிப்பெட் என்று சேர்த்துக் கொடுத்தேன். முழு மதிப்பெண் கிடைத்தது.

"இதை எழுதிக்கொள்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். நாற்பது பேர், பன்னிரண்டு பியூரெட், நாற்பத்தைந்து நிமிடம், மணி அடித்தால் அடுத்த வகுப்பு வாசலில் நிற்கும். அதைக்கூடச் சமாளிக்கலாம். உண்மையான காரணம் வேறு. ஏன் 21.4 என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லலாம்தான். மதிப்பெண் தாளைப் பிடித்துக்கொண்டு கல்லூரி ஆசிரியர் மூன்றடி தள்ளி நிற்கும்போது எந்தப் பயிற்சி ஆசிரியருக்கு அது வாயில் வரும்? மன்னிக்கவும் மேடம், அந்த 19.6-இல் பாதி உங்களுடையது. அவர் ஓரக்கண்ணால் உங்களைப் பார்த்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே என் யோசனை சின்னது. ஆய்வக வகுப்பைப் பார்க்கப் போகும் நாளில் தாளைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். சனிக்கிழமைகளில் "எனக்கும் தெரியவில்லை, வா, இன்னொரு முறை செய்து பார்ப்போம்" என்ற வாக்கியத்தை வாய்விட்டுப் பழக்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்கு அது சரளமாக வர ஒரு முழு ஆண்டு ஆனது.

இன்னொரு முறை செய்ய நேரம் வேண்டுமே என்பீர்கள். அதற்குச் சிறு அளவில் செய்யுங்கள். ஊசியில்லாத இரண்டு மில்லி சிரிஞ்சுதான் என் வகுப்பில் பியூரெட். சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு மில்லி அமிலம், ஒரு சொட்டு நிறங்காட்டி. காரத்தைச் சிரிஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டால் மூன்று நிமிடத்தில் ஒரு தரம்பார்த்தல் முடிந்துவிடும். தேர்வுக்கு வேண்டிய துல்லியம் வராது. ஆனால் ஒரு பிள்ளை ஐந்து முறை தவறலாம். பெரிய பியூரெட்டில் இரண்டாவது முறை தவறும்போதே மணி அடித்துவிடும்.

ஜான்ஸ்டன் முக்கோணத்தை நாங்கள் தேர்வுக்குப் படித்தோம்: கண்ணால் காண்பது, துகள் அளவில் நடப்பது, குறியீட்டில் எழுதுவது. கிளாஸ்கோ பேராசிரியர் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991-இல் எழுதிய கட்டுரை என்று ஆண்டோடு எழுதினேன். ஆய்வகத்தில் ஒரு பிள்ளையின் தலையில் ஒரே நேரத்தில் எத்தனை விஷயங்களை ஏற்றுகிறோம் என்று அதே ஆள் 1980-களிலேயே எச்சரித்தார் என்பதும் பாடத்தில் இருந்தது. பாடம் நடந்தது வகுப்பறையில். ஆய்வகம் எதிரேதான் இருந்தது, பூட்டியிருந்தது.

---

திருவொற்றியூர்_ஆய்வகம்

நான் ஆய்வக உதவியாளர். ஆசிரியர்கள் பேசுகிற இடத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும்.

குடுவையைத்தான் அலசியிருப்பாள். ஒவ்வொரு ஆண்டும் நாலைந்து பிள்ளைகள் செய்வார்கள், அதுவும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். செய்முறைத் தாளில் 'பியூரெட்டைக் கரைசலால் அலசவும், பிப்பெட்டைக் கரைசலால் அலசவும்' என்று இருக்கும். குடுவையைப் பற்றி ஒன்றும் இருக்காது. கவனக்குறைவான பிள்ளை அதை அப்படியே எடுத்து வைத்துவிடும். கவனமான பிள்ளை இதையும் அலச வேண்டும் போலிருக்கிறது என்று அலசும்.

பயிற்சி ஆசிரியர்கள் எங்கள் பள்ளிக்கு ஆண்டுதோறும் வருகிறார்கள். கரைசல் தயாரா என்று கேட்பார்கள். எந்த பியூரெட் கசியும், எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்த மேசையில் வெளிச்சம் போதாமல் நிறம் தெரியாது என்று எவரும் கேட்டதில்லை. உங்கள் பதினான்கு பேரை முதல் நாள் அரை மணி நேரம் உதவியாளரோடு நிற்கச் சொல்லுங்கள். கையேட்டில் இல்லாதது நிறைய இருக்கிறது.

---

சைதை_வேதியியல்

மூவருக்கும் நன்றி. நான்காம் பெஞ்ச் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. அந்த 19.6-இல் பாதி என்னுடையதுதான்.

முதல் சனிக்கிழமை மழையில் போய்விட்டது. இரண்டாவதில் கரைசல் தயாரிப்பு. எம்.எஸ்சி. முடித்த ஒருவர் இரும்பு உப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, மஞ்சளடித்ததும், உப்பு பழசு என்று கடைக்காரரைத் திட்டினார். அவரைத் திருத்தாமல் இருப்பதற்கு நான் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாவதில் கெடுத்து வைத்தேன். ஆறு மேசைகள். ஒன்றில் புனலை பியூரெட் மேலேயே விட்டிருந்தேன். அதிலிருந்து சொட்டு விழுந்து அளவு குறைத்துக் காட்டும். ஒன்றில் அமிலம் போதாது. கரைசல் பழுப்பாகக் கலங்கும். ஒன்றில் பியூரெட் நுனியில் குமிழ். ஒன்றில் பியூரெட்டை அலசவில்லை. ஒன்றில் குடுவையை அலசியிருந்தேன். ஆறாவது மேசையில் கோளாறே இல்லை.

முதல் இருபது நிமிடம் வேடிக்கைதான். கேள்வி கேட்பதற்கு முன்பே கை பியூரெட்டுக்குப் போய்விடுகிறது. கடைசியில் எல்லாரையும் கையைப் பின்னால் கட்டச் சொன்னேன். மூன்று கேள்வி என்றதும் "சரியாகக் கழுவினாயா?" என்று கேட்டார்கள். மாணவராக நடித்தவர் "கழுவினேன் சார்" என்றார். ஒரு கேள்வி போயிற்று. "முடிவு நிலையைச் சரியாகப் பார்த்தாயா?" "பார்த்தேன் சார்." இரண்டு போயிற்று. பிறகு பின்வரிசையில் எப்போதும் வாய் திறக்காத ஒரு பெண் வந்தாள். "குடுவையை அலமாரியிலிருந்து எடுத்ததிலிருந்து என்னென்ன செய்தாய், வரிசையாகச் சொல்" என்றாள். ஒரே கேள்வி, எல்லாம் வெளியே வந்துவிட்டது. அதன்பிறகு எல்லாருமே அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள், நான் தடுக்கவில்லை.

கோளாறில்லாத மேசையில் நான்கு பேர் கோளாறு கண்டுபிடித்தார்கள். நால்வரும் நால்வகை.

இனி அந்த மாணவி. எங்கள் பையன் திங்கட்கிழமை அவளிடம் போய், அன்று தனக்கும் காரணம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, செய்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார். இந்த முறை நான் தாள் இல்லாமல் வாசலோரம் நின்றேன். பெரம்பூர் ஐயா, திருவொற்றியூர் ஐயா இருவர் கணிப்பும் சரி. "பியூரெட்டை எந்தக் கரைசல் ஊற்றுகிறோமோ அதால் அலசச் சொன்னீர்கள் சார். அதனால் குடுவையையும் அலசினேன். ஒவ்வொரு முறையும் மறக்காமல் அலசினேன்" என்றாள். மறக்காமல் என்ற இடத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் குடுவையைத் தண்ணீரால் மட்டும் கழுவினால் உள்ளே தண்ணீர் தங்குமே, கரைசல் நீர்த்துப்போகாதா? பியூரெட்டில் மட்டும் நீர்க்கக் கூடாது என்கிறீர்களே?" என்றாள்.

தண்ணீர் சேர்ந்தாலும் குடுவையில் உள்ள இரும்பின் அளவு மாறாது என்ற மோல் கணக்கைச் சொல்ல அவர் வாயைத் திறந்தது எனக்குத் தெரிந்தது. மூடிக்கொண்டார். 20 மி.லி. கரைசலை அளந்து விடச் சொன்னார், வழக்கமான அளவு அமிலம், அதன்மேல் அளவுகுடுவையில் 25 மி.லி. வாலைவடிநீர். "என்ன வரும் என்று நினைக்கிறாய்? முதலில் எழுதிவிட்டுத் திற" என்றார். பக்கத்து மேசைக்காரர்களும் கூடிவிட்டார்கள். ஒருவன் 15 என்றான், ஒருவன் 30 என்றான். அவள் 19.6 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

19.7 வந்தது. அந்த 0.1 எங்கிருந்து வந்தது என்று இப்போது என்னைக் கேட்கிறார்கள், பிள்ளைகளும் எங்கள் பையனும். தண்ணீர் கூடியதால் இளஞ்சிவப்பு வெளிறித் தெரிந்து ஒன்றிரண்டு சொட்டு அதிகம் விட்டிருக்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உறுதியாகச் சொல்லவில்லை.

---

திருவொற்றியூர்_ஆய்வகம்

அந்த 0.1 பற்றி: ஜன்னலோர மேசை என்றீர்கள். அது பழைய கண்ணாடித் திருகு பியூரெட்டாக இருந்தால், திருகைச் சுற்றி ஊதாக் கறை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் கசிகிறது. கழற்றித் துடைத்துவிட்டு வாசலின் மெல்லிசாகத் தடவ வேண்டும். நிறையத் தடவினால் நுனி அடைத்துக்கொள்ளும்.